குளோஷர் மாறிகளைக் கவரும் முறையும் அழிப்பிகளின் வரிசையும்: ரஸ்ட் மொழியின் 2021ஆம் ஆண்டுப் பதிப்பை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு பொருளின் வாழ்நாள் எந்த வரியில் முடிகிறது என்பதை நிரலின் அமைப்பைக் கொண்டே அறிந்துகொள்ள முடியும் என்பது ரஸ்ட், சி++ ஆகிய அமைப்பு நிரலாக்க மொழிகள் அளிக்கும் அடிப்படை உறுதி ஆகும். குளோஷர் ஒன்று ஒரு மாறியைக் கவரும்போது அவ்வாழ்நாளின் முடிவு வேறோர் இடத்திற்கு நகர்கிறது. முழு மாறியும் கவரப்படுகிறதா, அதன் ஓர் உறுப்பு மட்டும் கவரப்படுகிறதா என்பதைப் பொறுத்து அழிப்பிகள் இயங்கும் காலமும் வரிசையும் மாறுபடுகின்றன. ரஸ்ட் மொழியின் 2021 பதிப்பு இவ்விதியை மாற்றியமைத்தது. அம்மாற்றத்தால் ஒரே நிரல்வரி இருவேறு விளைவுகளைத் தரும் சூழல்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குளோஷர், மாறி கவர்தல், அழிப்பி, உடைமை, வரையெல்லை, ரஸ்ட், சி++

முன்னுரை

ஆக்கி, அழிப்பி என்னும் சொற்கள் தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களின் வழியாகவே கணினி பயில்வோர்க்கு அறிமுகமானவை. ஒரு பொருள் உருவாகும்போது ஆக்கியும், அது மறையும்போது அழிப்பியும் இயங்குகின்றன. பாடநூல்களில் அழிப்பி பெரும்பாலும் ஒரு செய்தியை அச்சிட்டுக் காட்டும் எளிய எடுத்துக்காட்டாகவே நின்றுவிடுகிறது. நடைமுறையில் அதன் பணி அவ்வளவு சிறியதன்று. திறந்த கோப்பை மூடுவது, பெற்ற பூட்டை விடுவிப்பது, தற்காலிகக் கோப்புறையை நீக்குவது, வலையிணைப்பைத் துண்டிப்பது ஆகிய யாவும் அழிப்பியின் பொறுப்பில் விடப்படுகின்றன. ஆகவே அழிப்பி இயங்குகிறதா என்பதைப் போன்றே எப்போது இயங்குகிறது என்பதும் நிரலின் பொருளில் ஒரு பகுதி ஆகிறது.

குளோஷர் என்பது தனக்கு வெளியே அறிவிக்கப்பட்ட மாறிகளையும் உடன்கொண்டு செல்லும் செயற்கூறு ஆகும். இச்சொல்லை 1964ஆம் ஆண்டில் பீட்டர் லாண்டின் தம் ஆய்வுரை ஒன்றில் கையாண்டார். நினைவகக் குப்பையைத் தானே சேகரிக்கும் மொழிகளில் குளோஷர் எந்த மாறியை எவ்வளவு காலம் பிடித்து வைத்திருந்தாலும் பெரும்பாலும் நினைவகப் பயன்பாடு சற்றுக் கூடுவதோடு சிக்கல் முடிந்துவிடும். அழிப்பி உடைய மொழிகளில் அவ்வாறு முடிவதில்லை.

குளோஷர் என்னும் பெயரற்ற கட்டுரு

ரஸ்ட் மொழியில் ஒவ்வொரு குளோஷரும் நிரல்பெயர்ப்பி தானே உருவாக்கும் பெயரற்ற ஒரு கட்டுருவாகும். கவரப்படும் ஒவ்வொன்றும் அக்கட்டுருவின் ஓர் உறுப்பாக அமைகிறது. கவரும் முறை மூன்று: பகிர்வுக் கடனாகக் கவர்தல், மாற்றத்தக்க கடனாகக் கவர்தல், உடைமையோடு கவர்தல். குளோஷரின் உடலில் மாறி எவ்வாறு பயன்படுகிறது என்பதைப் பார்த்து, போதுமான அளவில் மிகக் குறைந்த உரிமையை நிரல்பெயர்ப்பி தேர்ந்தெடுக்கிறது. ‘மூவ்’ என்னும் சிறப்புச்சொல்லை முன்னால் இட்டால் அனைத்தும் உடைமையோடு கவரப்படும். நகலெடுக்கத்தக்க எண் முதலியவை நகலாகச் சென்று சேரும்.

கடனாகக் கவரப்பட்ட மாறியின் அழிப்பு வரிசையில் எம்மாற்றமும் இல்லை. அதன் உடைமையாளர் பழைய மாறியே. குளோஷரிடம் இருப்பது ஒரு சுட்டு மட்டுமே. உடைமையோடு கவரப்படும்போதுதான் நிலைமை மாறுகிறது. உடைமை குளோஷருக்குச் சென்றுவிட்டதால் அழிப்பியை இயக்கும் பொறுப்பும் அதனிடமே செல்கிறது. வெளி மாறியின் வரையெல்லை முடியும் இடத்தில் அதன் பொருட்டு எதுவும் நிகழ்வதில்லை. குளோஷர் வேறோர் இழைக்கு அனுப்பப்பட்டால் அழிப்பி அந்த இழையிலேயே இயங்கும். ஒரே ஒருமுறை மட்டும் அழைக்கத்தக்க குளோஷராக அது நுகரப்பட்டால், உடலுக்குள் அறிவிக்கப்பட்ட மாறிகள் அழிந்த பின்னர் கவரப்பட்டவை அழியும்.

அழிப்பு வரிசையின் பொது விதிகள்

ரஸ்டில் ஒரு தொகுதிக்குள் அறிவிக்கப்பட்ட மாறிகள் அறிவிப்புக்கு எதிர்வரிசையில் அழிகின்றன. பின்னால் வந்தது முன்னால் போகும். ஆனால் ஒரு கட்டுருவின் உறுப்புகள் அறிவிக்கப்பட்ட வரிசையிலேயே அழிகின்றன. சி++ மொழியிலோ மாறிகள், உறுப்புகள் ஆகிய இரண்டும் எதிர்வரிசையில்தான் அழியும். ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு வருவோர் இடறும் முதல் இடம் இதுவே. ரஸ்டின் இவ்வரிசை தொடக்கக் காலத்தில் நடைமுறையில் இருந்ததேயன்றி வாக்குறுதியாக இல்லை. 1857 என்னும் எண்ணுள்ள முன்மொழிவே அதனை நிலைப்படுத்தியது.

உடைமையோடு கவரப்பட்ட மாறிகள் குளோஷருக்குள் எந்த வரிசையில் அழியும் என்பதற்கு ரஸ்டின் மேற்கோள் கையேடு எவ்வுறுதியும் அளிக்கவில்லை; அவ்வரிசை வரையறுக்கப்படாதது என்றே அது கூறுகிறது. கட்டுருவின் உறுப்புகளுக்கு அளிக்கப்பட்ட உறுதி, கட்டுருவாகவே உருப்பெறும் குளோஷருக்கு நீட்டிக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது.

2021இல் நிகழ்ந்த மாற்றம்

2018 பதிப்புவரை குளோஷரின் உடலில் ஒரு கட்டுருவின் ஓர் உறுப்பு மட்டும் குறிப்பிடப்பட்டாலும் முழுக் கட்டுருவும் கவரப்பட்டது. இதனால் கடன் சரிபார்ப்பில் தேவையற்ற தடைகள் எழுந்தன. ஓர் உறுப்பு வெளியே மாற்றத்தக்க கடனில் இருக்கும்போது, வேறோர் உறுப்பை மட்டும் படிக்கும் குளோஷரை எழுத முடியாது. குளோஷர் இல்லாமல் அதே வேலையை நேரடியாக எழுதினால் நிரல்பெயர்ப்பி ஏற்றுக்கொள்ளும். குளோஷருக்குள் இட்டால் மறுக்கும். இம்முரண்பாட்டை நீக்கவே 2229 என்னும் எண்ணுள்ள முன்மொழிவு எழுந்தது. 2021 அக்டோபரில் வெளியான 1.56 பதிப்போடு வந்த 2021 மொழிப்பதிப்பில் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி குளோஷர் தான் உண்மையில் பயன்படுத்தும் உறுப்பை மட்டுமே கவரும்.

கடன் சரிபார்ப்பின் நோக்கில் இது தெளிவான முன்னேற்றம். எனினும் கடனுக்கென வகுக்கப்பட்ட விதி உடைமையோடு கவர்தலுக்கும் ஒருசேரப் பொருந்துகிறது. கட்டுரு ஒன்றின் ஓர் உறுப்பு குளோஷரோடு செல்ல, எஞ்சிய உறுப்புகள் பழைய மாறியிலேயே தங்குகின்றன. முன்பு ஒன்றாக அழிந்தவை இப்போது ஈரிடங்களில், இருவேறு காலங்களில் அழிகின்றன. ரஸ்டில் மொழிப்பதிப்பு என்பது ஒவ்வொரு நிரல்தொகுப்பின் அமைவுக் கோப்பில் இடப்படும் ஒற்றை வரி. வெவ்வேறு பதிப்புகளில் எழுதப்பட்ட தொகுப்புகள் ஒன்றோடொன்று இணைந்து இயங்கும். ஆகவே எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும் இரு செயற்கூறுகள் ஒரே இயக்கநிரலுக்குள் அழிப்பு வரிசையில் வேறுபட்டு நிற்பது இயல்வதே.

விடுவிக்கப்படாத பூட்டு

இவ்வேறுபாட்டின் கூர்மையைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு போதும். 2021 ஜூனில் வெளிவந்த 1.53 முதல் ரஸ்டில் பிறமொழி எழுத்துகளிலும் பெயரிடலாம் என்பதால், இங்குக் காணும் தமிழ்ப் பெயர்களை நிரலிலும் அவ்வாறே எழுத முடியும். சிறப்புச்சொற்கள் மட்டுமே ஆங்கிலத்தில் நிற்கும்.

‘அமர்வு’ என்னும் கட்டுருவில் இரண்டு உறுப்புகள் உள்ளன. முதலாவது ‘காவல்’; இது ஒரு மியூடெக்ஸ் பூட்டைப் பெற்றதற்குச் சான்றாக மொழியின் செந்தர நூலகம் தரும் பொருள். இது அழியும்போது பூட்டு விடுவிக்கப்படும். இரண்டாவது ‘எண்’, 32 பிட் முழு எண். அமர்வுக் கட்டுருவுக்கெனத் தனி அழிப்பி எழுதப்படவில்லை. செயற்கூறின் முதல் வரியில் ஓர் அமர்வு உருவாக்கப்பட்டுப் பூட்டு பெறப்படுகிறது. அடுத்து ஓர் உள்தொகுதி திறக்கிறது. அதனுள் ‘பணி’ என்னும் குளோஷர் ‘மூவ்’ சொல்லுடன் அறிவிக்கப்படுகிறது. அதன் உடல் அமர்வின் எண்ணை அச்சிடுகிறது, வேறொன்றும் செய்வதில்லை. பணி ஒருமுறை அழைக்கப்பட்டபின் உள்தொகுதி மூடப்படுகிறது. அதற்கடுத்த வரி அதே மியூடெக்ஸை மீண்டும் பூட்ட முனைகிறது.

2018 பதிப்பில் பணி முழு அமர்வையும் தன்னுடன் கொண்டு செல்கிறது. உள்தொகுதி மூடப்படும்போது பணி அழிகிறது, அதனுடன் காவலும் அழிகிறது, பூட்டு விடுபடுகிறது. அடுத்த வரி தடையின்றி நிறைவேறும். 2021 பதிப்பில் பணி பயன்படுத்துவது எண்ணை மட்டுமே. அது நகலெடுக்கத்தக்கது. ஆகவே 4 பைட்டு அளவுள்ள ஒரு நகல் மட்டும் குளோஷருக்குள் செல்ல, காவல் உறுப்பு வெளி மாறியிலேயே தங்குகிறது. செயற்கூறு முடியும்வரை அது அழியாது. மீண்டும் பூட்ட முனையும் வரியில் அதே இழை தன்னிடமே உள்ள பூட்டுக்காகக் காத்து நிற்கும். ஒரே இழை இருமுறை பூட்டினால் நிகழ்வது துல்லியமாக வரையறுக்கப்படவில்லை, ஆனால் அவ்வழைப்பு திரும்பி வராது என்று செந்தர நூலகத்தின் ஆவணம் கூறுகிறது. நிரல் உறைந்துபோகலாம் அல்லது பிழையுடன் முறியலாம்.

இரு பதிப்புகளிலும் நிரல்பெயர்ப்பி இந்நிரலை ஏற்கிறது. கடன் சரிபார்ப்புக்கு இதில் குற்றம் காண இடமே இல்லை. பூட்டு நீண்ட நேரம் பிடிக்கப்படுவதோ, தன்னையே மறித்துக்கொள்வதோ ரஸ்ட் தடுக்க முனையும் நினைவகப் பாதுகாப்புக் குறைகளுள் அடங்கா. ரஸ்டில் நிரல்பெயர்ப்பைக் கடந்த நிரல் சரியானது என்று மாணவர்களிடையே பரவியுள்ள எண்ணம் மிகைக் கூற்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

முந்தி அழியும் கோப்புறை

மேற்கண்டதில் அழிப்பி தாமதமாக இயங்கியது. முந்தி இயங்கும் சூழலும் உண்டு. ‘பணியிடம்’ என்னும் கட்டுருவில் ‘கோப்பு’, ‘கோப்புறை’ என இரு உறுப்புகள் இவ்வரிசையில் உள்ளன. கோப்புறை உறுப்பு, பரவலாகப் பயன்படும் டெம்ப்ஃபைல் நூலகத்தின் டெம்ப்டிர் வகையைச் சார்ந்தது. அது அழியும்போது வட்டிலுள்ள கோப்புறையும் அதன் உள்ளடக்கமும் நீக்கப்படும். ஒரு செயற்கூறு பணியிடத்தை உருவாக்கி, கோப்பின் பாதையைத் தனி மாறியில் எடுத்துக்கொண்டு, புதிய இழை ஒன்றைத் தொடங்குகிறது. இழைக்குத் தரப்படும் குளோஷர் ‘மூவ்’ வகையைச் சேர்ந்தது. அது பணியிடத்தின் கோப்பில் எழுதி, பின்னர் அப்பாதையைக் கொண்டு அதே கோப்பை மீண்டும் திறந்து படிக்கிறது. செயற்கூறு இழையின் பிடியைத் திருப்பி அனுப்பிவிட்டு முடிந்துவிடுகிறது.

2018 பதிப்பில் பணியிடம் முழுவதும் இழைக்குச் செல்லும். இழை முடியும்போது முதலில் கோப்பு மூடப்பட்டு, அடுத்துக் கோப்புறை நீக்கப்படும். உறுப்புகளை அவ்வரிசையில் அறிவித்ததன் நோக்கமும் அதுவே. 2021 பதிப்பில் கோப்பு மட்டுமே இழைக்குச் செல்கிறது. கோப்புறை, தொடங்கிவைத்த செயற்கூறில் தங்கி, அது முடிந்த கணமே அழிகிறது. இழை எழுதத் தொடங்கும் முன்பே கோப்புறை வட்டிலிருந்து மறைந்திருக்கக்கூடும். லினக்ஸ் போன்ற இயக்க அமைப்புகளில் திறந்த கோப்பின் பெயர் நீக்கப்பட்டாலும் அதில் எழுதுவது பிழையின்றித் தொடரும். பாதையைக் கொண்டு மீண்டும் திறக்க முயலும்போதுதான் கோப்பு இல்லை என்ற பிழை தோன்றும். மீண்டும் திறக்கும் அந்த வரி இல்லையெனில் பிழையே தோன்றாது. எழுதப்பட்ட தரவு கோப்பு மூடப்பட்டவுடன் ஓசையின்றி மறைந்துவிடும்.

கோப்புக்கும் கோப்புறைக்கும் இடையே உள்ள சார்பு நிரல்பெயர்ப்பியின் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே இதன் வேர். ஓர் உறுப்பு மற்றொன்றைக் குறிப்பாகச் சுட்டியிருந்தால் வாழ்நாள் சரிபார்ப்பு தலையிட்டிருக்கும். இங்கோ அச்சார்பு வட்டில்தான் உள்ளது, வகைகளில் இல்லை.

தானே அழிப்பி உடைய கட்டுரு

மேலே கூறிய இரு கட்டுருக்களுக்கும் சொந்த அழிப்பி இல்லை. அவற்றின் உறுப்புகளுக்கே இருந்தன. கட்டுரு தானே அழிப்பி உடையதாயின் அதன் உறுப்பு ஒன்றைப் பிரித்து வெளியே நகர்த்த ரஸ்ட் இடந்தருவதில்லை. பாதி உறுப்புகள் போன பொருளின்மீது அழிப்பியை இயக்க முடியாது என்பது காரணம். ஆகவே அத்தகைய கட்டுருவின் உறுப்பை உடைமையோடு கவர நேர்ந்தால் 2021 பதிப்பும் பழையபடி முழுக் கட்டுருவையே கவர்கிறது.

இதனை ஒரு பாதுகாப்பாகக் கருதிப் பலர் நின்றுவிடுவர். ஆயினும் அதில் ஓர் இடைவெளி உண்டு. பயன்படும் உறுப்பு நகலெடுக்கத்தக்கதாயின் நகர்த்தல் என்ற செயலே நிகழ்வதில்லை. நகல் எடுப்பதை அழிப்பி தடுக்காது. அப்போது அழிப்பி உடைய கட்டுருவும் வெளியிலேயே தங்கிவிடும். ஓர் இணைப்பைக் காக்கும் பொருளின் அடையாள எண்ணை மட்டும் இழைக்குள் அச்சிட்டுவிட்டு, அவ்விணைப்பு இழையோடு சென்றுவிட்டதாக நம்புவது இவ்வகையில் அடங்கும். ‘மூவ்’ என்னும் சொல் முன்னால் நிற்பதால் படிப்பவர் மனத்தில் அந்நம்பிக்கை எளிதில் எழுகிறது. அச்சொல் கவரும் முறையை மட்டுமே குறிக்கிறது. கவரப்படும் அளவைக் குறிப்பதில்லை.

சி++ மொழியோடு ஓர் ஒப்பீடு

சி++ மொழியில் 2011ஆம் ஆண்டுச் செந்தரத்தில் அறிமுகமான லாம்டாக்களும் பெயரற்ற பொருள்களே. கவரப்படுவதை நிரலரே பட்டியலாக எழுத முடிவது அதன் வலிமை. நகலாகக் கவர்ந்தால் பழைய பொருளும் நகலும் தனித்தனியே அழிகின்றன. இரண்டு அழிப்பிகள் இயங்குகின்றன. 2014ஆம் ஆண்டுச் செந்தரத்தின் வழியே நகர்த்திக் கவர்ந்தாலும் வெறுமையாகிவிட்ட பழைய பொருளின் அழிப்பி அதன் வரையெல்லையில் இயங்கவே செய்கிறது. ரஸ்டில் நகர்த்தப்பட்ட மாறிக்கு அழிப்பி இயங்காது. பல மாறிகளை நகலாகக் கவர்ந்த லாம்டாவில் அவை எந்த வரிசையில் உறுப்புகளாக அறிவிக்கப்படுகின்றன என்பதைச் சி++ செந்தரமும் வரையறுக்கவில்லை. ஆகவே அவற்றின் அழிப்பு வரிசையையும் நம்பக்கூடாது. அறிவிப்பு வரிசை தெளிவாக உள்ள ஒரு கட்டுருவுக்குள் அவற்றை வைத்து அக்கட்டுருவைக் கவர்வது சி++ நிரலரின் வழி. அதே வழியை ரஸ்டின் 2021 பதிப்பில் எண்ணிப் பாராது கையாண்டால், குளோஷர் கட்டுருவைப் பிரித்து உறுப்புகளாகவே கவர்ந்துவிடும்.

உறுப்புச் செயற்கூறு ஒன்றுக்குள் எழுதப்படும் லாம்டாவில் சி++ நேரெதிர்த் திசையில் தவறுகிறது. சமக்குறியிட்டு அனைத்தையும் நகலாகக் கவரச் சொன்னாலும், பொருளின் உறுப்பு நகலெடுக்கப்படுவதில்லை. அப்பொருளைச் சுட்டும் ‘திஸ்’ சுட்டு மட்டுமே செல்கிறது. பொருள் அழிந்தபின் லாம்டா அழைக்கப்பட்டால் வரையறுக்கப்படாத நடத்தை விளையும். 2017ஆம் ஆண்டுச் செந்தரம் பொருளையே நகலாகக் கவரும் வழியைச் சேர்த்தது. 2020ஆம் ஆண்டுச் செந்தரம் அந்த மறைமுகச் சுட்டுக் கவர்தலைக் கைவிடத்தக்கதாக அறிவித்தது.

இடமாற்றக் கருவியும் ஒற்றை வரியும்

2018இலிருந்து 2021க்கு நிரலை மாற்றும்போது ரஸ்டின் இடமாற்றக் கருவி, அழிப்பு வரிசை மாறக்கூடிய குளோஷர்களைக் கண்டறிகிறது. நினைவகத்தை விடுவிப்பதைத் தவிர வேறு விளைவில்லாத செந்தர நூலக வகைகள் பலவற்றைப் பொருட்படுத்தாது விட்டுவிடுகிறது. ஐயமுள்ள இடங்களில் குளோஷரின் உடலுக்குள் ஒரு வரியைச் சேர்க்கிறது: அடிக்கோட்டுக்கு முழு மாறியின் குறிப்பை ஒதுக்கும் வரி அது. கணிப்பில் அது எதையும் செய்வதில்லை. முழு மாறியும் குறிப்பிடப்படுவதால் முழு மாறியும் கவரப்படுகிறது. அவ்வளவே அதன் பணி.

இவ்வெச்சரிக்கை இடமாற்றத்திற்கென அமைந்தது. இயல்பு அமைவில் அணைந்தே இருக்கும். தொடக்கத்திலேயே 2021 பதிப்பில் எழுதப்படும் நிரலுக்கு அது துணை நிற்காது. மேலும், சேர்க்கப்பட்ட வரி பயனற்ற ஒன்றாகத் தோன்றுவதால் பின்னாளில் நிரலைத் துப்புரவு செய்வோர் அதனை நீக்கிவிடும் வாய்ப்பு மிகுதி. குறிப்பை உணர்த்தும் ‘அண்ட்’ குறியை மட்டும் நீக்கினாலும் போதும், வரி பொருளிழந்துவிடும்: 2021 பதிப்பில் அடிக்கோட்டுக்கு ஒரு மாறியை நேரே ஒதுக்குவது அம்மாறியைப் படிப்பதாகாது, ஆகவே குளோஷர் அதனைக் கவர்வதும் இல்லை. ஒரு குறியின் இருப்பும் இன்மையும் பூட்டின் வாழ்நாளை முடிவு செய்கின்றன.

அழிப்பு வரிசை பொருட்டாக அமையும் இடங்களில் ‘டிராப்’ செயற்கூறை வெளிப்படையாக அழைப்பதே தெளிவான வழி. முதல் எடுத்துக்காட்டில் குளோஷரின் இறுதி வரியாக அமர்வை டிராப்புக்குக் கொடுத்தால் முழு அமர்வும் குளோஷருக்குள் செல்லும். பூட்டு விடுபடும் இடமும் வரியாகவே கண்முன் நிற்கும். டிராப்பின் உடல் வெறுமையானது என்பது ரஸ்ட் கற்பிப்போர் விரும்பிச் சுட்டும் செய்தி: தரப்பட்டதன் உடைமையைப் பெற்றுக்கொண்டு முடிந்துவிடுவதே அதன் முழு வேலை. இவ்வழிக்கு ஒரு விலை உண்டு. அமர்வு உடலுக்குள் நுகரப்படுவதால் குளோஷர் ஒருமுறை மட்டுமே அழைக்கத்தக்கதாகிவிடும். இழைக்கு அனுப்பும் குளோஷருக்கு அது தடையன்று. மீண்டும் மீண்டும் அழைக்கப்பட வேண்டிய குளோஷருக்கு இடமாற்றக் கருவி தரும் அந்த வரியே எஞ்சுகிறது. அவ்விடத்தில் எதற்காக அவ்வரி நிற்கிறது என்று அருகே ஒரு விளக்கக் குறிப்பு எழுதிவைப்பது கட்டாயம்.

2025 பிப்ரவரியில் 1.85 பதிப்போடு வந்த 2024 மொழிப்பதிப்பு இக்கவர்தல் விதியைத் தொடவில்லை. ஆனால் தொகுதியின் இறுதிக் கோவையில் தோன்றும் தற்காலிகப் பொருள்கள் உள்மாறிகளுக்கு முன்பே அழியும்படி வரிசையை மாற்றியது. பூட்டைப் பெற்றவுடன் அதன் மதிப்பை இறுதிக் கோவையாகத் திருப்பி அனுப்பும் குளோஷர்களில் இவ்விரு மாற்றங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து பொருந்துகின்றன. 2018இலிருந்து நேரே 2024க்கு வரும் நிரல்தொகுப்புகளில் அவற்றைத் தனித்தனியே, பதிப்புக்கு ஒரு முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.